நூறு எலிகளுக்கு நன்றி சொன்ன வகையில் ஒரு விளக்கம்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
செவ்வாய்க்கிழமை.

இராஜபாளையத்தில் பேண்டேஜ் யூனிட் நடத்திவருபவரும், என் இல்லத்தாள் முனீஸ்வரியின் உடன்பிறந்த அண்ணனுமான மச்சான் தவசிமுத்து அவர்கள் சமூகத்துக்கு, மாப்பிள்ளை ஆவுடையப்பன் பணிவுடன் எழுதுவது. இங்கு யாவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. நீங்கள் பேச்சை நிறுத்தியதிலிருந்து இங்கு ஒருவரும் நலமில்லை.

எலிப் புண்ணுக்கு உங்கள் பேண்டேஜ் துணியைக் கட்டி நான் செய்த ஆய்வின் ஏட்டில், நன்றியுரையில் உங்கள் பெயர் இல்லாமல் போனது சதியல்ல, மச்சான். ஐம்பத்திரண்டு வயதில் டாக்டர் பட்டத்துக்கு ஆசைப்பட்டவனிடம், ஏட்டை 'லேடெக்' என்ற அச்சுக்கோக்கும் கம்ப்யூட்டர் மென்பொருளில்தான் தர வேண்டும் என்று சொல்லிவிட்டார் நெறியாளர். கணக்கு டிபார்ட்மெண்ட் சப்ரீன் மேடம்தான் அரிச்சுவடி நடத்தினார். "சார், இதுல நீங்க அழகுபடுத்தவே வேண்டாம். இது தலைப்பு, இது படம்னு குறி மட்டும் போடுங்க. அடுக்குறத அது பாத்துக்கிடும்" என்றார். பார்த்துக்கொண்டது. உங்கள் யூனிட் போட்டோவை முதல் அத்தியாயத்தில் வைக்கச் சொன்னால், இடம் போதாது என்று தானே முடிவெடுத்து, நாலாம் அத்தியாயத்தில் எலியின் புண் படத்துக்குக் கீழே கொண்டுபோய் வைத்தது. ஓர் அடைப்புக்குறியை மூட மறந்தால் இருநூறு பிழை காட்டுகிறது; அத்தைகூட என்மேல் அம்புட்டுக் குறை கண்டதில்லை.

நன்றியுரையை நான் சொல்லச் சொல்ல முனீஸ்வரி டைப் அடித்தாள். "இந்த ஆய்வுக்காக 100% ஆதரவும் காஸ் துணியும் தந்த என் மச்சான் தவசிமுத்துவுக்கும்" என்பது முதல் வரி. "எலிகளுக்கும் நன்றி" என்பது அடுத்த வரி. லேடெக்கில் அந்தச் சதவீதக் குறியைக் கண்டால், அதற்குப் பின்னால் அந்த வரியில் இருப்பதையெல்லாம் தனக்கு மட்டும் சொன்ன ரகசியமாக எடுத்துக்கொண்டு அச்சில் வராமல் விட்டுவிடுமாம். பிழை என்றுகூட வாயைத் திறக்காதாம். ஆக, பைண்டிங் ஆகி வந்த ஐந்து பிரதியிலும் "இந்த ஆய்வுக்காக 100 எலிகளுக்கும் நன்றி" என்றிருக்கிறது. எனக்கு அனுமதி இருபத்திநாலு எலிக்குத்தான். நெறியாளர் போனில், "யோவ் ஆவுடை, மிச்ச எலி எங்கய்யா?" என்கிறார். நீங்களோ, "எலிக்கு இருக்க மரியாதகூட எனக்கு இல்லையா மாப்ள?" என்று கேட்டுவிட்டு வைத்தவர்தான்.

வியாழக்கிழமை வாய்மொழித் தேர்வு. நீங்கள் வராவிட்டால் முனீஸ்வரியும் வரமாட்டாள். நாலு நாளாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அண்ணன் பாசம்! உங்கள் பெயரைத் தடித்த எழுத்தில் போட்டு, புதுப் பிரதியைத் தயார் செய்யும் பொறுப்பை அவளிடமே விட்டேன். இன்று பைண்டிங் ஆகி வந்திருக்கிறது. என்னை மன்னித்து, கோபத்தை விட்டு முன்வரிசையில் வந்து உட்கார வேண்டும்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் யூனிட்டுக்கு ஆர்டர் குறையாமல் இருக்கட்டும். ஊரில் யாருக்கும் காயமும் படாமல் இருக்கட்டும்.

தங்கள்,
ஆவுடையப்பன்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் முனீஸ்வரி வாங்கிப் படித்துவிட்டாள். "மிஷின் மேல பழி போடாதீய. அந்தக் குறியப் போட்டா மறைஞ்சிரும்னு தெரிஞ்சுதான் போட்டேன். ரெண்டு பண்டல் துணி கொடுத்த அண்ணனுக்கு நூறு சதவீதம், எலிக்கும் ஒரு வரி. பதினாலு மாசமா அம்புட்டும் டைப் அடிச்சவ பேரு எங்கன?" என்கிறாள். ஆகவே மேலே கேட்ட மன்னிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், மச்சான். சண்டையை உங்கள் தங்கையிடம் வைத்துக்கொள்ளுங்கள். பதறிப்போய்ப் புதுப் பிரதியைப் புரட்டினேன். உங்கள் பெயர் தடித்த எழுத்தில் ஜம்மென்று இருக்கிறது. முகப்புப் பக்கத்தில் 'ஆய்வாளர்' என்று இருக்கிறது. அதற்குக் கீழே ஒன்றையும் காணவில்லை.