ஐ.சி.யூ. அக்காவும் காரமடை ரோஜாவும்

கோயமுத்தூரில் மருத்துவர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஒரே ஒரு இலையைக் கையில் வாங்கிப் பார்த்து, அந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்பதுவரை சொல்லிவிடக்கூடியவர் எங்கள் குடியிருப்பின் ஐ.சி.யூ. அக்கா ஒருவர்தான்.

நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போகும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் டியூட்டி. அவருடைய பால்கனிதான் ஐ.சி.யூ. சீக்குச் செடிகள் அங்கேதான் அட்மிட் ஆகும். 'இலை மஞ்சளாக இருக்கிறது' என்று மொட்டையாகச் சொல்லிவிட்டு யாரும் தப்பித்துவிட முடியாது.

"மேல் எலையாங்க, கீழ் எலையாங்க? நரம்பு பச்சையா இருக்குதா, அதுவுஞ் சேந்து மஞ்சளா? எலைக்கு அடியில பாத்தீங்களா?"

பார்த்திருக்க மாட்டோம். அதற்கும் சேர்த்து ஒரு திட்டு விழும்.

என் செம்பருத்தி இலைகள் சுருண்டபோது, ஒன்றைப் புரட்டி அடியில் வெள்ளையாகப் படிந்திருந்த மாவுப்பூச்சியைக் காட்டினார்.

"பக்கத்து பெட்டுல யாரு?"

"கனகாம்பரம்ங்க்கா."

"மொதல்ல அத அந்தப் பக்கம் தள்ளி வை அம்மணி. இது தொத்து."

ஒருமுறை குடியிருப்போர் சங்கத் தலைவர் வீட்டு விசேஷத்துக்குப் போனவர், காபியைத் தொடாமல் ஹாலில் இருந்த செடியையே கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு புள்ளி இல்ல, ஒரு ஓட்ட இல்ல. இத்தன ஆரோக்கியம் ஆகாதுங்களே!" என்று எழுந்து போய்த் தொட்டுப் பார்த்தார். பிளாஸ்டிக். அதன் பிறகுதான் நிம்மதியாகக் காபி குடித்தார்.

அப்பேர்ப்பட்டவரின் கதவை ஒருநாள் துரைசாமி அண்ணன் வேர்க்க விறுவிறுக்கத் தட்டினார். மூன்றாம் மாடிக்காரர். மனைவி சரசக்கா மகளின் பிரசவத்துக்காக பெங்களூர் போயிருந்தார். மாடிப்படி ஓரம் சரசக்கா வைத்திருந்த தொட்டி ரோஜா, இலை இலையாக உதிர்ந்துகொண்டிருந்தது.

"அக்கா, காரமடைத் தேருக்குப் போனப்ப நான் வாங்கிக் குடுத்ததுங்க. கல்யாணமாகி இத்தன வருசத்துல நானா நெனச்சு அவளுக்கு வாங்குனது இது ஒண்ணுதானுங்க. அவ வாரதுக்குள்ள இது செத்துப்போச்சுன்னா, நான் எந்த மூஞ்சியோட அவளப் பாப்பேன்?"

அக்கா படியேறினார். நாங்களும் பின்னாலேயே போனோம். கீழ் இலைகள் மஞ்சள். தொட்டால் நொறுங்கவில்லை, துவண்டன. அக்கா விரலை மண்ணில் ஆழமாக விட்டு, எடுத்து முகர்ந்தார்.

"பூச்சி இல்லீங்க. தண்ணி எச்சாப் போச்சு. வேரு அழுகுது. யாருங்க ஊத்துனது?"

வீட்டுக்கு வந்தவருக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் மறுபேச்சே பேசும் ஊர் இது. ஊருக்குக் கிளம்பும்போது சரசக்கா படியில் பார்த்தவர்களிடமெல்லாம், "ஏனுங்க, என்ற ரோசாவச் சித்தே பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மாட்டேன் என்று சொல்லும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது. வாட்ச்மேன் ஊற்றியிருக்கிறார். டீச்சர் ஊற்றியிருக்கிறார். நானும் ஊற்றினேன். துரைசாமி அண்ணன் காலையும் மாலையும். ஒருவர் ஊற்றுவது மற்றவருக்குத் தெரியாது. சிறுவாணித் தண்ணீரை ஆளாளுக்குக் கொடுத்துப் பாவம் அதை மூழ்கடித்திருந்தோம்.

"ஒவ்வொருத்தரா வாயத் தொறங்க" என்று அதட்டிக்கொண்டிருந்த அக்கா, திடீரென்று நிறுத்திவிட்டார்.

"சர்ச்சுக்குப் போறப்ப நானும் ஒரு சொம்பு ஊத்திப்போட்டுத்தான் போனேனுங்க. சரசு எங்கிட்டயும் சொல்லிட்டுப் போனா."

அன்றே ரோஜா ஐ.சி.யூ.வில் சேர்ந்தது. கறுத்த வேர்களை வெட்டி, மணல் கலந்த புது மண்ணில் வைத்தார். தண்ணீர்ச் சொம்பு எவருடைய கையிலும் இருக்கக்கூடாது என்று உத்தரவு. துரைசாமி அண்ணன் தினமும் பொழுது சாய வருவார். ஸ்டூலில் உட்கார்ந்து செடியையே பார்த்துக்கொண்டிருப்பார். குச்சியாக நின்ற அதில் ஒருநாள் சிவப்பாக ஒரு துளிர் எட்டிப் பார்த்தது. மனிதர் மாடி மாடியாக ஏறி எல்லோருக்கும் சொன்னார்.

சரசக்கா வந்து இறங்கினார். ரோஜாத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அண்ணன் வாசலிலேயே நின்றார், தீர்ப்புக்குக் காத்திருப்பவர்போல. சரசக்கா செடியைப் பார்க்கவே இல்லை.

"ஏனுங்க, இப்படி எளைச்சுப்போயிட்டீங்க? நேரத்துக்குச் சாப்பிட்டீங்களா இல்லியா?"

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற ஐ.சி.யூ. அக்கா என் காதருகே குனிந்தார். "அம்மணி, தெனமும் ஸ்டூலுல உக்காந்திருந்த பேசண்ட நான் பாக்காம உட்டுட்டேனே!" மறுநாளிலிருந்து, செடியோடு வருகிறவரிடம் அக்கா கேட்கும் முதல் கேள்வி, "நீங்க சாப்டீங்களா?" என்பதாகிவிட்டது.

இப்போது அக்கா சோமனூரில் மகன் வீட்டோடு இருக்கிறார். போனில் இலையைப் படம் எடுத்து அனுப்பினால் உடனே கூப்பிட்டு, நான் சாப்பிட்டேனா என்று கேட்டுவிட்டுத்தான் இலைக்கு வருவார். இன்று காலை என் செம்பருத்தியில் ஒரு குறையும் இல்லை. எங்காவது ஒரு புள்ளியாவது அகப்படாதா என்று இலை இலையாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.