ஒரு மணி இருபது நிமிடத்தில் வந்துவிடுபவர்

உறவினர்களில் 'வந்துவிடுபவர்' என்று ஓர் இனம் உண்டு. வரமாட்டார். ஆனால் வர எவ்வளவு நேரமாகும் என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

தான் இருக்கும் ஊருக்கும் சொந்த ஊருக்கும் நடுவே சாலையில் எத்தனை கிலோமீட்டர், வானத்து வழியாக எத்தனை, எதிர்காற்று அடித்தால் எத்தனை நிமிடம் கூடும், முன்வரிசை இருக்கை கிடைத்தால் இறங்கும்போது எத்தனை நிமிடம் மிச்சம் என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். ஒப்பித்த கையோடு எழுந்து பெட்டி கட்டுவார் என்றுதானே நினைக்கிறீர்கள்? சோபாவில் இன்னும் வசதியாகச் சாய்ந்துகொள்வார். தினமும் ஆறு விமானம். ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறதே என்று ஆறையும் விட்டுவிடுவார்.

என் மைத்துனர் இந்த இனத்தில் முதல் தரம். மாமனாருக்குக் கண்ணில் புரை. மகன் பக்கத்தில் இருந்தால்தான் ஆபரேஷன் என்று பிடிவாதம் பிடித்து, அவர் இரண்டு முறை தேதியைத் தள்ளிப்போட்டார். முதல் முறை மகனுக்கு மீட்டிங். இரண்டாம் முறை என்ன காரணம் என்று மகனுக்கே நினைவில்லை. இதற்குள் மாமனார், வாசலில் நின்ற தபால்காரரை மகன் என்று நினைத்து "வாப்பா, சாப்டியா?" என்று கேட்கும் நிலைக்கு வந்துவிட்டார்.

மூன்றாம் தேதிக்கு நானும் என் மனைவியும் பதினோரு மணி நேரம் பஸ்ஸில் இடுப்பொடியப் போய்ச் சேர்ந்தோம். ஆஸ்பத்திரியில், கூட இருப்பவர் கையெழுத்துப் போட வேண்டிய படிவத்தை மாமனார் மடியிலேயே வைத்திருந்தார். போன் வந்தது. ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"அப்பா, ஒரு மணி இருபது நிமிஷம்தாம்பா! இங்க பல்லு தேய்ச்சா அங்க வந்து காபி குடிச்சிடலாம். நெனச்சா வந்துடுவேன்."

"அது தெரியும்ப்பா. நெனைக்கறதுக்கு எவ்ளோ நேரம் ஆகும்?"

நர்ஸ் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். போனில், "என்னப்பா? சரியா கேக்கல" என்று குரல் வந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நன்றாகக் கேட்டிருக்கும்.

மாமனார் படிவத்தை மகளிடம் நீட்டினார். "நீயே போட்டுடும்மா. இன்னொரு தடவை தள்ளிப்போட்டா டாக்டர் என்னைத் திட்டுவாரு."

அவள் போட்டாள். பஸ்ஸில் பதினோரு மணி நேரமும் அண்ணனைத் திட்டிக்கொண்டே வந்தவள், கையெழுத்துப் போடும்போது அழுதாள்.

சரி, அவரை விடுங்கள். உங்கள் அப்பா அம்மா இருக்கும் ஊருக்குப் போக எவ்வளவு நேரமாகும்? அடடா, யோசிக்காமலே சொல்லிவிட்டீர்களே! கடைசியாக எப்போது போனீர்கள் என்று கேட்டால் மட்டும் ஏன் காலண்டரைத் தேடுகிறீர்கள்?