ஏணி வண்டிக்காரர் நிறைவேற்றிய தீர்மானம்

மனித குலத்தில் இரண்டே வகைதான்: வானத்தை நம்புகிறவர்கள், தண்டவாளத்தை நம்புகிறவர்கள். நான் முதல் வகை என்பதை மிகுந்த அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். விமான நிலையத்தில் ஏணி வண்டி ஓட்டுகிறேன். நான் கொண்டுபோய் ஒட்டி நிறுத்தாவிட்டால் எப்பேர்ப்பட்ட பெரிய மனிதரும் விமானத்துக்குள் கால் வைக்க முடியாது. சொந்தக்காரர்கள் மத்தியில் என் பெயரே "விமானத் துறை"தான்.

அப்படிப்பட்ட குடும்பத்தில், என் அக்கா மகளுக்கு ரயில் ஓட்டும் வேலை கிடைத்துவிட்டது. அன்று மாலைக்குள் பயிற்சிப் பள்ளியில் சேர வேண்டும். தவறினால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். குடும்ப மானம் காற்றில் பறப்பதைத் தடுக்க, அக்கா வீட்டுக் கூடத்தில் அவசரக் கூட்டம் கூட்டினேன். தலைமைக்கு என்னை நானே முன்மொழிந்தேன். அத்தான் தலையசைத்து வழிமொழிந்தார். அவர் தூங்கி வழிந்ததாக அக்கா சொன்னது அவைக் குறிப்பில் ஏறாது.

இரு துறைகளையும் கடுகளவும் ஓரவஞ்சனை இல்லாமல் ஒப்பிட்டேன். அவர்களுக்குக் கையெல்லாம் கறை. எங்களுக்குக் கழுத்தில் அட்டை. ரயில் தாமதமானால் ஜனங்கள் திட்டுவார்கள். விமானம் தாமதமானால் செல்ஃபி எடுத்துக்கொள்வார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ரயில் போட்ட தடத்தில்தான் போகும். எங்கள் துறையில் டிராலி அடுக்கும் வேலை ஒன்று காலியாக இருப்பதையும், அதற்குச் சொல்லி வைத்திருப்பதையும் அறிவித்தேன். அக்காவின் கண் கலங்கியது. ஆனந்தக் கண்ணீர் என்று பதிவு செய்துகொண்டேன்.

அப்போது மேற்பார்வையாளர் போன் செய்தார். பயணிகள் கட்டடத்திலிருந்தே நடந்து ஏறப் பாலம் வந்துவிட்டதாம். ஏணி வண்டியும் அதன் ஓட்டுநரும் நாளையிலிருந்து வேண்டாமாம்.

"துறை நவீனமாகுது," என்று அவைக்குத் தெரிவித்தேன். கழுத்து அட்டையைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டேன். பெருமிதம்தான், வேறென்ன.

அதுவரை ஓரமாக உட்கார்ந்திருந்த அக்கா மகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். "மாமா, இத்தனை வருஷமா ஊரையே ஏத்தி விட்டீங்களே. ஒரு தடவையாவது உங்களை யாராச்சும் ஏறச் சொன்னாங்களா?"

நிகழ்ச்சி நிரலில் இல்லாத கேள்வி என்று தள்ளுபடி செய்தேன். கண்ணை மூடிக்கொண்டு தீர்மானத்தை வாசித்தேன்: அவள் விமானத் துறையிலேயே சேர வேண்டும். ஏகமனதாக நிறைவேறியது. கைதட்டியவனும் நானே. கண்ணைத் திறந்து பார்த்தால் வாசலில் அவள் செருப்பைக் காணோம், அக்கா செருப்பையும் காணோம். அத்தான் மட்டும் இன்னும் வழிமொழிந்துகொண்டிருந்தார்.

சாயங்காலம் அவளிடமிருந்து செய்தி வந்தது: "சேந்துட்டேன் மாமா. நான் ஓட்டுற முதல் ரயில்ல உங்களுக்கு ஜன்னல் சீட்."

பாவம், உலகம் தெரியாத பெண். கண்டவனையும் கூப்பிட்டு ஏற்றிக்கொள்ளும் துறை எங்கே உருப்படப் போகிறது? இத்தனை வருடம் ஏணி பிடித்தவனை ஒரு நாள்கூட ஏற்றாமல், கடைசியில் ஏணியோடு சேர்த்துத் தள்ளிவிட்டு மேலே போயிற்றே, அதற்குப் பெயர்தான் துறை.