கூரையைத் தொடாத சுவர்

சுவருக்கு ஒரேயொரு கடமைதான் உண்டு. அது கூரையைத் தொடவேண்டும். தொடாத சுவரைச் சுவர் என்று சொல்லி வாடகை வாங்குகிறவனைச் சிறையில் போடவேண்டும் என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம். (இதை வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிப்பின் காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.)

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், எனக்குக் கல்யாண வயது வந்து, காத்திருந்து, திரும்பிப் போகவும் ஆயத்தமாகிக்கொண்டிருந்த காலத்தில், கண்டிப் புகையிரத நிலையத்துக்குப் பின்னால் ஒரு வளவில் குடியிருந்தேன். வளவு என்றதும் மாமரமும் கிணறும் நினைவுக்கு வந்தால் அது உங்கள் பிழை. ஒரே தகரக் கூரையின் கீழ் நீளமாக ஒரு கட்டடம். அதை அறை அறையாகக் குறுக்கே தடுத்துக் காம்பராக்கள். எல்லாருக்கும் சேர்த்து ஒரு தண்ணீர்க் குழாய். தடுப்புச் சுவர்களோ ஆளுயரத்துக்குச் சற்று மேலே போய், அதற்குமேல் போக மனமில்லாமல் நின்றுவிட்டன. வீட்டுச் சொந்தக்காரர், காற்றோட்டத்துக்காக அப்படி விட்டதாகச் சொன்னார். காற்று ஓடியது உண்மைதான். அதோடு கருவாட்டு வாசம், குழந்தையின் அழுகை, புருஷன் பெண்சாதி சண்டை, நான் அடுத்தவாரம் செய்ய உத்தேசித்திருந்த காரியங்கள் எல்லாமே ஓடின.

இதனால் அந்த வளவில் ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது. எந்தக் காம்பராவில் யார் எதைக் கேட்டாலும், பதில் தெரிந்தவர் சொல்லிவிடுவார். "உப்புப் போட்டேனா?" என்று ஒருத்தி தனக்குள் முணுமுணுத்தால், நாலு காம்பரா தள்ளி இருந்து "போட்டாச்சு" என்று வரும். நேரத்தை மட்டும் ஆறாம் காம்பராக்காரர் சொல்லுவார். மணிக்கூடு அவரிடம் மட்டுமே இருந்தது. ரயிலில் இரவு வேலை பார்க்கிறவர். அவருடைய முகத்தை நான் பார்த்ததேயில்லை. குரலை மட்டும் என் தகப்பனாரின் குரலைவிட நன்றாகத் தெரியும்.

நான் ஒரு பிரக்கிராசியாரின் கந்தோரில் வழக்குத் தாள்களைப் படியெடுக்கும் லிகிதர். ஆங்கிலக் கவிதை படிப்பேன், அதையும் உரத்துப் படிப்பேன். இப்படிப்பட்டவன் இந்த இடத்தில் இருப்பது நாகரிகத்துக்கே அவமானம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். (வேறிடம் போக வக்கில்லை என்பதை நினைக்காமல் இருக்கப் பழகியிருந்தேன்.)

அப்போதுதான் நாவலப்பிட்டியில் ஒரு நண்பனின் கல்யாணத்தில் பரமேஸ்வரியைக் கண்டேன். பந்தியில் பாயாசம் பரிமாறிக்கொண்டிருந்தாள். எனக்குப் பாயாசம் பிடிக்காது. அன்று திரும்பத் திரும்ப வாங்கிக் குடித்து இரண்டு நாள் படுத்தேன். அவளுடைய தகப்பனார் அங்கே தபாலதிபர், யாழ்ப்பாணத்து மனிதர், முத்திரை ஒட்டாத கடிதத்தைப் பார்ப்பதுபோலவே மனிதர்களையும் பார்ப்பவர். தரகர் போய்ப் பேசினார். மாப்பிள்ளைக்கு வாவியைப் பார்த்த வீடு என்று சொல்லிவிட்டு வந்தார். கூரையில் ஏறிக் கழுத்தை நீட்டினால் வாவி தெரியும்தான். அந்த மட்டில் தரகரைக் குறைசொல்ல முடியாது. ஆனால் தபாலதிபர், வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்.

சனிக்கிழமை நான் காம்பரா காம்பராவாகப் போய்க் கெஞ்சினேன். (ஆறாம் காம்பராக்காரருக்குப் பகலில் தூக்கம், சாத்திய கதவோடுதான் பேசினேன்.) அவர் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கக்கூடாது. எல்லாரும் சம்மதித்தார்கள். சம்மதித்ததோடு நின்றார்களா? பக்கத்துக் காம்பராத் தையற்காரர் காதர் நானா, தன் கடையில் வாடிக்கைக்காரர் உட்காரும் கதிரையைத் தூக்கிவந்து போட்டார். மறுபக்கத்து ராக்கம்மா அக்கா, ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை போய், தொழிலாளர் லயத்தைவிட்டு இறங்கி வந்தவர், என் தரையைத் தானே மெழுகினார். இவ்வளவு நல்லவர்கள் அடுத்தநாள் எனக்குச் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் வயிறெரிகிறது.

தபாலதிபர் வந்தார். கதிரையில் இருந்தார். வளவு முழுவதும் மூச்சுக்கூட விடவில்லை. அத்தனை குடும்பம் இருக்கிற இடத்தில் ஒரு பிள்ளை அழவில்லை, ஒரு சட்டி உருளவில்லை. அவருக்கே சந்தேகம் வந்திருக்கவேண்டும். அக்கம்பக்கத்தில் ஆட்கள் இல்லையோ என்று கேட்டார். அமைதியான இடம், அதனால்தான் எடுத்தேன் என்றேன். சமையல் யார் என்றார். நானே என்றேன். மறுபக்கத்தில் யாரோ இருமலை விழுங்கினார்கள். சுருட்டுப் பழக்கம் உண்டோ என்றார். புகையே ஒத்துக்கொள்ளாது என்றேன். காதர் நானாவின் பக்கம் ஒரு தும்மல் பாதியில் செத்தது.

நான் வென்றுவிட்டேன் என்றே நினைத்தேன். தபாலதிபர் தன் சட்டைப்பை மணிக்கூட்டை எடுத்து, காதில் வைத்துப் பார்த்து, உதறினார்.

"நிண்டுபோச்சு. நேரம் என்ன, தம்பி?"

"நாலேகால்," என்றது ஆறாம் காம்பரா.

மனிதர்மேல் குற்றமில்லை, பழக்கம். தபாலதிபர் மெல்லத் தலையை நிமிர்த்திச் சுவரின் மேல்விளிம்பையும், அதற்கு மேலிருந்த இடைவெளியையும், நீண்டு போகிற தகரத்தையும் பார்த்தார். பேசியது யார் என்றார். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கவிதை படித்தவன் அல்லவா, கற்பனை முந்திக்கொண்டது.

"வேலைக்காரர், ஐயா," என்றேன்.

காதர் நானாவின் குரல், கோபமே இல்லாமல், துணியை அளந்து வெட்டுவதுபோல வந்தது.

"வேலைக்காரன்ட கதிரையிலதான் ஐயா இருக்கிறீங்க."

அவ்வளவுதான், அணை உடைந்தது. தபாலதிபர் என்னை விட்டுவிட்டார். கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு, தபால் கந்தோர் யன்னலில் ஆளை விசாரிப்பதுபோல அந்த இடைவெளியைப் பார்த்துக் கேட்கத் தொடங்கினார். சுருட்டு விஷயத்துக்கு, சுருட்டு இல்லை, பீடி, அதுவும் பெரும்பாலும் தன்னுடையது என்று காதர் நானா பதில் சொன்னார். சமையல் விஷயத்துக்கு ராக்கம்மா அக்கா.

"தங்கமான புள்ளதாங்க. ஆனா சோறு வடிக்கத் தெரியாது, நாங்கதான் குடுக்கிறோம். ஒரு வாரமா யாரையும் தூங்க விடலீங்க. 'வாங்க மாமா, உட்காருங்க மாமா'ன்னு சொவத்தப் பாத்துப் பேசிப் பழகுது. உங்க பொண்ணு பேரை வேற விதவிதமா சொல்லிப் பாக்குது."

தபாலதிபர் கதிரையை இன்னும் சுவரோடு நெருக்கினார். "விதவிதமா எண்டால்?"

"பரமேஸ், பரமு, ஈசு," என்றது ஆறாம் காம்பரா. "முந்தாநாள்தான் ஈசுன்னு முடிவாச்சு."

ஒரு மனிதன் தன் அறைக்குள், தன் சுவரைப் பார்த்து, தனக்கு வரப்போகிற பெண்சாதியின் பெயரைச் சொல்லக்கூடாதா? எந்த நாட்டுச் சட்டம் இது? இப்படிக் கேட்கவேண்டும் என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. கேட்கவில்லை. எங்காவது ஒளியலாமா என்று பார்த்தேன். அந்தக் காம்பராவில் அதற்கும் இடமில்லை.

தபாலதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு கடைசியாக ஒன்று கேட்டார்.

"இவர் உங்களை வேலைக்காரர் எண்டு சொன்னவர். நீங்களே சொல்லுங்கோ. இவருக்குப் பிள்ளையைக் குடுக்கலாமோ?"

வளவு சரித்திரத்தில் முதல் தடவையாக ஒரு கேள்வி விடையில்லாமல் தகரத்தின் கீழ் தொங்கியது. பாயாசம், பந்தி, பரமேஸ்வரி எல்லாம் நாவலப்பிட்டிக்கு ரயிலேறிப் போய்க்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது.

"குடுங்க, ஐயா," என்றார் காதர் நானா. "பொய் சொல்லித்தான் பாக்கிறாரு. அது வருகுதே இல்ல."

தபாலதிபர் எழுந்தார். வாசலில் நின்று, சுவரை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாப்பிள்ளையை விசாரிச்சால் ஊரெல்லாம் நல்லதுதான் சொல்லும், தம்பி. கெட்டதைச் சொல்ல ஆள் பிடிக்கிறதுதான் கஷ்டம். உமக்கு வீட்டோட கிடைச்சிருக்கு." பிறகு, "கூரை வரைக்கும் சுவருள்ள வீடாப் பாரும். பேந்து தரகரை அனுப்பும்," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

பார்த்தேன், அனுப்பினேன், கல்யாணமும் நடந்தது. காதர் நானாதான் மாப்பிள்ளைச் சட்டை தைத்தார். (கழுத்து இறுக்கம். வேண்டுமென்றே தைத்தது என்பது என் சந்தேகம்.) என் படிப்பு, உத்தியோகம், ஆங்கிலக் கவிதை ஒன்றும் கணக்கில் வராமல், எனக்குப் பொய் சொல்ல வராது என்ற ஒரே தகுதியில் எனக்குப் பெண் கிடைத்தது. இதைவிட ஒரு மனிதனை அவமதிக்க முடியாது.

இப்போது இருக்கிற வீட்டில் எல்லாச் சுவரும் கூரையைத் தொடுகின்றன. போதாததற்குக் கூரைக்குக் கீழே இடைவெளியில்லாமல் பலகைத் தட்டும் அடித்திருக்கிறேன். ஆனால் கந்தோரில் வேலை அதிகம், அதனால்தான் பிந்திவிட்டது என்று நான் சொன்னால், பரமேஸ்வரி தலையை நிமிர்த்தித் தட்டைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பாள். பிள்ளைகளும் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு மேலே பார்ப்பார்கள். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன்: நானும் பார்க்கிறேன். பதில் வராது என்று நிச்சயமாகத் தெரிந்த பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்குகிறது.