படம் காட்டுற ரேடியோ

"இனிமே இந்த வீட்டுக்குள்ள இன்னொரு ரேடியோ நுழையக் கூடாது!" என்று ஜெயபுஷ்பம் சொன்னபோது, ஜெயசீலன் ஒவ்வொரு வார்த்தையையும் வக்கீல் மாதிரி கவனித்துக் கேட்டார்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் அவர் சூப்பர்வைசர். தோலில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். மனைவியின் பேச்சில் கண்டுபிடிக்க மாட்டாரா?

ஹாலில் நடக்கவே இடமில்லை. தையல் மிஷின் மேல், பீரோ மேல், எங்கே பார்த்தாலும் பழைய வால்வு ரேடியோ. வால்வு சூடேறி, உள்ளே மஞ்சள் வெளிச்சம் எழும்பி, தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு குரல் வரும் பாருங்கள், அப்போது ஜெயசீலனுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

அடுத்த வாரமே தோல் உறை போட்ட ஒன்று வந்தது.

"இன்னாது இது?"

"டிரான்சிஸ்டர்."

"அது ரேடியோ இல்லியா?"

"ரேடியோ கரண்ட்ல ஓடும். இது பேட்டரி."

அதற்கப்புறம் திருப்பத்தூரிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கியது நாலு கால், மர ஷட்டர் வைத்த ஒரு ராட்சசப் பெட்டி.

"இது?"

"தொலைக்காட்சிப் பெட்டி. நீ ரேடியோன்னுதானே சொன்ன?"

"நாட்றம்பள்ளியில எங்க தாத்தா இதப் படம் காட்டுற ரேடியோன்னுதான் சொல்வாரு."

"அவருக்கு இன்னா தெரியும்? சுத்தத் தமிழ்ல தொலைக்காட்சி. தொலை!"

"அதத்தான் நானும் சொல்றேன்" என்று ஆஸ்பத்திரி டியூட்டிக்குக் கிளம்பிவிட்டாள். நர்ஸ் ஆயிற்றே, வலிக்காமல் ஊசி போடத் தெரிந்தவள்.

சில நாள் கழித்துச் சிரித்த முகமாக வந்தாள். "ஸ்கூல்ல கண்காட்சியாம். உங்க பொட்டிங்கள வச்சு நீங்க பேசணுமாம். ஹெச்.எம். கெஞ்சுறாரு."

ஜெயசீலன் உருகிப்போனார். அத்தனையும் வேனில் ஏறின. கண்ணாடி முன் ஒத்திகை பார்த்தார்.

"கடைசில 'இவை யாவும் உங்களுக்கே சமர்ப்பணம்'னு முடிங்க. கைதட்டு ஜாஸ்தியா விழும்" என்றாள்.

விழுந்தது. பிள்ளைகள் வால்வு வெளிச்சத்தைப் பார்த்து வாய் பிளந்தார்கள். அவர் சமர்ப்பணம் என்றதும் ஹெச்.எம். தேவானந்தம் பாய்ந்து மைக்கைப் பிடித்தார். "இந்தப் பொக்கிஷத்தை எல்லாம் நம்ம பள்ளிக்கே அன்பளிப்பா வழங்கிய வள்ளல்!" சால்வை விழுந்தது. அந்தக் கைதட்டலுக்கு நடுவில் 'இல்லை' என்று சொல்ல எந்த வள்ளலால் முடியும்?

ஸ்கூட்டரில் திரும்பும்போது ஜெயசீலன் மெதுவாக ஆரம்பித்தார்.

"சமர்ப்பணம்னா சும்மா அழகுக்குச் சொல்றதுன்னு நெனச்சேன், புஷ்பம்."

"ரேடியோ வேற, டிரான்சிஸ்டர் வேறன்னு எனக்கே பாடம் எடுத்தவரு நீங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன மூளை! கம்பெனியில் இவளை மேனேஜராகப் போட்டால் ஆம்பூரே நிமிர்ந்துவிடும். "கெட்டிக்காரிடி நீ" என்றார் மனசார. "போகட்டும், இனிமேலாச்சும் ஞாயித்துக்கெழமல தூசி தட்டாம நிம்மதியாத் தூங்குவேன்."

"அதெப்படி? வாராவாரம் நீங்களே வந்து தூசி தட்டுவீங்கன்னு ஹெச்.எம்.கிட்ட சொல்லிட்டேனே!"