பிரக்கிராசியாரும் இரண்டு கிலோ தூளும்

உலகத்தில் இதுவரை ஒரு சட்டத்தையும் மீறாத மனிதர் ஒருவரே ஒருவர்தான் இருக்கிறார். அவர் டென்மார்க்கின் பிரெடெரிசியா நகரில், ஒரு தொடர்மாடியின் இரண்டாம் மாடியில் குடியிருக்கிறார். நான் மூன்று வருடங்கள் அவருடைய காரில் வேலைக்குப் போய்வந்தவள். ஆகவே இதைச் சத்தியம் செய்தே சொல்வேன்.

எல்லாரும் அவரைப் பிரக்கிராசியார் என்பார்கள். யாழ்ப்பாணத்துப் பழைய பேச்சில் பிரக்கிராசி என்றால் வழக்கறிஞர். அவர் வழக்கறிஞர் இல்லை. பிராண்டேயில் காற்றாலை செய்யும் தொழிற்சாலையில் போல்ட்டுகள் சரியான இறுக்கத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பது அவருடைய வேலை. மனிதர்கள் போல்ட்டுகளைவிடத் தளர்வாக இருக்கிறார்கள் என்பது அவருடைய நிரந்தரக் கவலை.

காரில் நாங்கள் நான்கு பேர். அவர் ஓட்டுவார். மின்சுற்றுச் சோதனைப் பிரிவில் இருக்கும் எனக்கு முன்னிருக்கை. பின்னால் தொழிற்சாலைச் சாப்பாட்டறையில் வேலை செய்யும் மேரி அக்காவும், கோயம்புத்தூரிலிருந்து வந்த மென்பொருள் பொறியாளர் செந்திலும். காரின் விதிகள் பதினொன்றும் தட்டச்சு செய்யப்பட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கும். வாழைப்பழம் சாப்பிடலாம், உரித்தால் சாறு தெறிக்கும் தோடம்பழம் கூடாது. செபம் செய்யலாம், வாய்விட்டுக் கூடாது. விதிகளைப் பற்றிய வாதங்கள் கார் நின்ற பிறகு மட்டும்.

முதல் நாள் செந்தில் இதைப் படித்துவிட்டு, "சார், இதுல 'அக்செப்ட்' பட்டன் எங்க இருக்கு?" என்று கேட்டான்.

"கதவைச் சாத்திப்போட்டீர் எல்லோ தம்பி? அதுதான் பட்டன்."

டென்மார்க்கில் தேர்தல் வந்தால் விளக்குக் கம்பங்களில் வேட்பாளர்களின் முகங்கள் தொங்கும். வாக்கெடுப்பு முடிந்து எட்டு நாட்களுக்குள் அவற்றைக் கழற்றிவிட வேண்டும். ஒரு முறை, ஒன்பதாம் நாள் காலையில் எங்கள் வழியில் ஒரே ஒரு முகம் மிச்சமிருந்தது. மதிய இடைவேளையில் அவர் கொம்யூனுக்கு, அதாவது நகரசபைக்கு, தொலைபேசி எடுத்து, கம்பத்தின் இலக்கத்தோடு முறைப்பாடு செய்தார்.

"ஆரண்ணை அந்தாள்? உங்களுக்குப் பிடிக்காத கட்சியோ?" என்று மேரி அக்கா கேட்டார்.

"இல்லை. நான் வோட்டுப் போட்ட ஆள்."

இதெல்லாம் பகிடி. பகிடி இல்லாத ஒன்றும் இருந்தது. இருபத்து மூன்று வருடங்களுக்கு முன்பு, டென்மார்க்கில் உள்ள எங்கள் ஊர்ச் சங்கத்தின் நிர்வாகத் தேர்தலுக்கு அவர்தான் தேர்தல் அதிகாரி. தலைவர் பதவிக்கு விண்ணப்பித்தவர் அவருடைய சொந்தத் தம்பி சிவம். வேட்புமனுப் பத்திரம் நேரம் முடிந்த பிறகு வந்தது. பிரக்கிராசியார் அதை வாங்க மறுத்தார். மண்டபமே கெஞ்சியது. தம்பி பத்திரத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். சிவத்தின் மனைவியின் ஆட்கள் அமெரிக்காவில் இருந்தார்கள். அடுத்த வருடமே மனைவியையும், பத்து வயது மகள் அபிராவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு ஒரு கடிதம் இல்லை, ஒரு தொலைபேசி இல்லை.

போன வருடம் ஓர் இலையுதிர்காலக் காலை. வெய்லே நகரைத் தாண்டியதும் பிரக்கிராசியார், யாருக்கோ வருத்தம் என்று சொல்லும் குரலில் சொன்னார்: "அமெரிக்காவிலை சட்டமா அதிபரை வோட்டுப் போட்டுத் தெரியினமாம்."

"ஆமா சார்," என்றான் செந்தில். "ஸ்டேட் அட்டர்னி ஜெனரல். நிறைய ஸ்டேட்ல எலெக்ஷன்தான்."

"அம்பயர் துடுப்போடை வந்து நிக்கிறமாதிரி இருக்கு. இஞ்சை டென்மார்க்கிலை அந்தப் பதவியிலை இருக்கிறவரின்ரை பேர் தெரியுமோ உமக்கு?"

"தெரியாது சார்."

"பாத்தீரோ, அதுதான் நல்லது. அவருக்கும் உம்மைத் தெரியாது."

பத்து கிலோமீற்றர் போனது. பிறகு ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "என்ரை தம்பியின்ரை மகள் கேக்கிறாள். சட்டமா அதிபருக்கு."

எந்த மாநிலம் என்று நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் அதுவும் வாக்குச் சேகரிப்பு என்பார்.

செய்தி அவருக்கு வந்த வழி இதுதான். தம்பி இருபத்திரண்டு வருடங்களில் முதல் தடவையாக ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தார். அதுவும் அண்ணனுக்கு இல்லை, அண்ணனின் மனைவி தங்கம் அன்ரிக்கு. அன்ரி அதை எனக்கும் போட்டுக் காட்டினார்: "அண்ணி, பிள்ளை தேர்தலெண்டு ஊரூராத் திரியிறாள். பாணையும் சீஸையும் திண்டு மெலிஞ்சு போனாள். உங்கடை கையாலை வறுத்த தூள் கொஞ்சம் அனுப்புவியளோ?"

தூள் என்றால் எங்களுக்கு ஒன்றுதான். மிளகாயும் மல்லியும் சீரகமும் கறுக்க வறுத்து அரைப்பது. அன்ரி அன்றைக்கே இரண்டு கிலோ வறுத்தார். சமையலறையின் புகை எச்சரிக்கைக் கருவி மூன்று தடவை கத்தியது. "கத்தட்டும், இருபத்திரண்டு வருசம் நாங்கள் கத்தாமல் இருந்தனாங்கள்தானே," என்றாராம்.

சனிக்கிழமை இருவரும் சுப்பர்மார்க்கெட்டில் உள்ள பொதி அனுப்பும் இடத்துக்குப் போனார்கள். சுங்கப் படிவத்தில் 'பொருளின் பெறுமதி' என்றொரு கட்டம். பிரக்கிராசியாரின் பேனா அங்கே நின்றது.

"விலைமதிக்கேலாதெண்டு எழுதுங்கோ," என்றார் அன்ரி.

"பெறுமதியோ," என்று அவர் இரண்டு தடவை தனக்குள் சொல்லிக்கொண்டார். வீட்டுக்குத் திரும்பிவந்து அமெரிக்கத் தேர்தல் சட்டத்தைத் தேடிப் படித்தார். வெளிநாட்டவர் எந்த வேட்பாளருக்கும் பணமோ பெறுமதியான எந்தப் பொருளோ கொடுக்கக் கூடாது என்று இருந்தது. தூளுக்குப் பெறுமதி உண்டு என்று படிவமே ஒத்துக்கொள்கிறது. முடிந்தது வழக்கு. வீட்டில் வைத்தால் அன்ரி தானே கொண்டுபோய் அனுப்பிவிடுவார் என்று பொதியைக் காரின் பின்பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

அன்றிலிருந்து அந்தக் கார் கொழும்புப் பலசரக்குக் கடையாக மணத்தது. தொழிற்சாலை வாசலில் எங்கள் டேனிஷ் மேற்பார்வையாளர் ஒவ்வொரு காலையும் மூக்கை உறிஞ்சி, இன்று மதியம் என்ன சாப்பாடு என்று ஆவலாக விசாரிப்பார். மேரி அக்கா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "உருளைக்கிழங்கு," என்பார்.

தங்கம் அன்ரி கணவரோடு பேசுவதை நிறுத்தினார். காரில் அவருக்கு ஒருவரும் ஆதரவில்லை.

"சார், மிளகாப் பொடியால ஒரு எலெக்ஷன் ரிசல்ட் மாறும்னு நெஜமாவே நினைக்கிறீங்களா?"

"தம்பி, மாறுமோ மாறாதோ எண்டு சட்டத்திலை இல்லை."

"அண்ணை," என்றார் மேரி அக்கா, "சிவம் உங்களிட்டைக் கேட்டது தூளில்லை. அது உங்களுக்கு விளங்கேல்லையோ?"

அவர் வேகமானியைப் பார்த்தார். கைகள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தன. விளங்கியிருந்தது. பொதி போகாவிட்டால் தம்பி இன்னொரு தடவை கேட்க மாட்டார். இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. அது தெரிந்துகொண்டேதான் அந்த மனிதர் சாவியைச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தார்.

எனக்கு ஒரு சிக்கல் என்றால் வழிகளை இலக்கமிட்டு எழுதிப் பார்க்கும் பழக்கம் உண்டு. ஐந்து வழிகள் எழுதினேன். நாலு வழிகளை அவர் உடனே தள்ளுபடி செய்தார். ஐந்தாவது, வேட்பாளரின் அலுவலகத்தையே கேட்பது.

"வேட்பாளரோடை தொடர்பு வைக்கிறதே பிழை, பிள்ளை."

"அங்கிள், இது தொடர்பில்லை. விளக்கம் கோரல்."

அந்தச் சொல் அவருக்குப் பிடித்துவிட்டது. தொழிற்சாலைத் தரிப்பிடத்தில் கார் நின்ற பிறகு அவர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தேன். பொருள்: 'வறுத்த மிளகாய்த்தூள், இரண்டு கிலோ, தொடர்பாக.' தான் வேட்பாளரின் பெரியப்பா என்ற விஷயத்தைக் கடைசிப் பந்தியில், நலமுரண் இருப்பதை வெளிப்படுத்தும் பொருட்டு என்று சேர்த்துக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. அலுவலகத்திலிருந்து இல்லை. அபிராவே எழுதியிருந்தாள், டேனிஷில். பத்து வயதில் இந்த நாட்டை விட்டுப் போன பிள்ளையின் டேனிஷும் அந்த வயதிலேயே நின்றுவிட்டிருந்தது. ஒரு சட்டத்தரணியின் கருத்து, நாலாம் வகுப்புப் பிள்ளையின் வசனங்களில் இருந்தது. நான் காருக்குள் வாசித்துக் காட்டினேன்:

"அன்புள்ள பெரியப்பா. நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. குடும்பம் சாப்பாடு அனுப்பலாம் என்று இங்கே சொல்கிறார்கள். ஆனால் நான் மற்றவர்களைச் சட்டப்படி நடக்கச் சொல்லப் போகிறேன். அதனால் வாக்கெடுப்பு முடியும்வரை வேண்டாம். எனக்குத் தூள் மிகவும் விருப்பம். அப்பா மிகவும் கோபம். நீங்கள் சரி. அன்புடன் அபிரா."

பிரக்கிராசியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார். மறுபடி கழற்றினார்.

"கையெழுத்து இல்லை," என்றார்.

அடுத்த நாள் காலை, ஓடிக்கொண்டிருக்கும்போதே காரின் திரையில் அமெரிக்க இலக்கம் ஒன்று வந்தது. ஓட்டுநர் தொடக் கூடாது என்பதால் நான் அழுத்தினேன்.

"ஆர்? அண்ணையோ?"

"ஓம். கார் ஓடுறன். இன்னும் மூண்டு பேர் இருக்கினம். நீ கதைக்கிறது அவைக்கும் கேக்கும், அறியத் தாறன்."

"நல்லதாப் போச்சு, எல்லாரும் கேக்கட்டும்! நாலு நிமிசம் பிந்தினதுக்கு என்ரை பத்திரத்தை வாங்கேல்லை நீங்கள். உங்களை மாதிரி ஒரு மனிசன்ரை முகத்திலை முழிக்கக் கூடாதெண்டு ஒரு கடலைத் தாண்டி வந்து இருக்கிறன். இப்ப என்ரை குசினியிலை, என்ரை மேசையிலை இருந்துகொண்டு, நான் பெத்த பிள்ளை, 'பெரியப்பா செய்தது சரி' எண்டுறாள்! அப்ப நான் எங்கை போறது?"

மேரி அக்காவின் உதடுகள் அசைந்தன. விதிப்படி சத்தமில்லாமல்.

"ஆறு," என்றார் பிரக்கிராசியார்.

"என்ன ஆறு?"

"நாலில்லை. ஆறு நிமிசம் பிந்தினது."

செந்தில் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். எல்லாம் போய்விட்டது என்று நானும் நினைத்தேன். மறுபக்கத்தில் ஏதோ ஒரு சத்தம். இருமலா, அழுகையா என்று தெரியவில்லை. சிரிப்பு என்று விளங்க எங்களுக்குச் சிறிது நேரம் எடுத்தது.

"விசரன்," என்றார் தம்பி, மூச்சு வாங்க. "இன்னும் அப்பிடியே இருக்கிறியள். அங்கை குளிரோ?"

"கண்ணாடியிலை ஐஸ். சுரண்டிப்போட்டுத்தான் வந்தனான்."

"முழங்கால் எப்பிடி இருக்கு?"

பிராண்டே வரும்வரை அவர்கள் பேசியது அவ்வளவுதான், முழங்கால்களைப் பற்றி. நான்கு முழங்கால்கள் இருந்தன, ஒவ்வொன்றாகப் பேசினார்கள்.

வாக்கெடுப்பு முடிந்த மறுநாள் காலை நாங்கள் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காரில் ஏறினோம்.

"ரெண்டாவதா வந்திருக்கிறாள்," என்றார் பெருமையாக.

"எத்தினை பேர் கேட்டவை?"

"ரெண்டு பேர்."

சனிக்கிழமை பொதி போனது. தங்கம் அன்ரி பேசத் தொடங்கினார். விட்ட வாரங்களுக்கும் சேர்த்துப் பேசுகிறார் என்று பிரக்கிராசியார் எங்களிடம் முறையிட்டார்.

இந்தக் கோடையில் தம்பியும் அபிராவும் பில்லுண்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். அன்ரி வீட்டில் அடுப்பை விட்டு வர மாட்டேன் என்றுவிட்டதால், அழைத்துவரப் போனவர்கள் பிரக்கிராசியாரும், காரில் ஆசனக் கணக்குப் பிழைக்கும் என்று பேருந்தில் அனுப்பப்பட்ட நாங்கள் மூவரும். இங்கே வருகிறவர்களைச் சின்னக் கடதாசிக் கொடி பிடித்து வரவேற்பது வழக்கம். அவரும் ஒன்று வாங்கியிருந்தார். நெஞ்சுக்கு நேரே, பாடசாலை அணிவகுப்பில் நிற்பதுபோல் பிடித்துக்கொண்டு நின்றார். கதவு திறந்தது. நரைத்த தலையும், பெட்டியும், பக்கத்தில் ஓர் உயரமான பெண்ணும். பிரக்கிராசியார் கொடியைச் சற்று உயர்த்தினார்.

விமான நிலையத்துக்குள் காற்று வீசுவதில்லை. அவர் கையிலிருந்த கொடி மட்டும் படபடவென்று ஆடிக்கொண்டிருந்தது. நாங்கள் மூவரும் விமானங்களின் வருகை நேரப் பலகையை மிகவும் கவனமாக வாசித்துக்கொண்டு நின்றோம்.