தொட்டிலுக்கு ஒரு பாவாடை

தையல் மெஷின் ஓட்டப் புதிதாகப் பழகிய பதினெட்டு வயதுப் பெண்ணை வீட்டில் சும்மா இருக்க விடக்கூடாது. கையில் ஒரு முழத் துணி கிடைத்தால் கதிரைக்குச் சட்டை தைப்பாள். தண்ணீர்க் கூசாவுக்குத் தொப்பி தைப்பாள். வீட்டில் எல்லாவற்றுக்கும் உடுப்புப் போட்டு முடிந்தபிறகு தொட்டிலுக்குப் பாவாடை தைப்பாள். (சிரிக்காதீர்கள். முழுவதையும் கேட்டுவிட்டு ஒரேயடியாகச் சிரிக்கலாம்.)

யுத்த காலம் அது. எங்கள் வீடு திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட இருந்தது. யப்பான்காரன் ஒருநாள் காலையில் வந்து குண்டு போட்டுவிட்டுப் போக, ஊரே காட்டுப்பக்கம் ஓடி, பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி வந்திருந்தோம். வீடு தப்பியிருந்தது. ஆனால் கூரையைத் தாங்கும் நடு வளை அதிர்ச்சியில் வெடித்துப் போயிருந்தது. அப்பா அதற்கு ஒரு கம்பை முட்டுக்கொடுத்து, கீழே நின்று யாரும் தும்மக்கூடாது என்று சட்டம் போட்டிருந்தார்.

அந்த வருடம்தான் அக்காவுக்குத் தலைப்பிள்ளை பிறந்தது. எங்கள் பக்கத்தில் பிள்ளையை ஏணையில்தான் போடுவது. வளையில் கயிறு கட்டிச் சீலையைத் தொங்கவிட்டால் ஏணை தயார். தும்மவே கூடாத வளையில் யார் ஏணை கட்டுவது? அத்தான் துறைமுகத் தளத்தில் வேலை செய்தவர். சாமான் வந்த பெட்டிப் பலகைகளைக் கேட்டு வாங்கிவந்து, தானே ஒரு தொட்டில் அடித்தார். அவருக்குக் கணக்கு நன்றாக வரும், மரவேலை வராது. ‘இந்தப் பக்கம் மேலே’ என்று இங்கிலீசில் கறுப்பாக எழுதியிருந்த பலகையைத் தலைகீழாக வைத்து அடித்திருந்தார். நாலு காலுக்கும் சமன் மீன் அடைத்து வந்த நாலு வெற்று டின், டின்னுக்குள் தண்ணீர். குசினி அலுமாரிக்கு வைப்பதுபோலத்தான், எறும்பு ஏறாமலிருக்க.

அத்தானின் அம்மா, கிளிவெட்டி மாமி, பேரனைப் பார்க்க மூதூருக்கு வந்து அங்கிருந்து தோணியேறி வந்தா. முதலில் வளையை அண்ணாந்து பார்த்தா. பிறகு தொட்டிலைக் குனிந்து பார்த்தா. டின்களை நிறைய நேரம் பார்த்தா.

“ஏணை கட்ட ஒரு வளையில்லாத வீட்டிலை பிள்ளை எப்பிடி வளரும்? முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழியட்டும். தாயையும் பிள்ளையையும் நான் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போறன்.”

மறுத்துப் பேச ஏலாது. கிளிவெட்டியில் குண்டு விழவில்லை. மாமி வீட்டில் சொந்த வயல் நெல்லும் கறந்த பாலும் இருந்தன. ஆனால் அத்தானுக்கு லீவு கிடையாது. அவர் இங்கே, அக்கா அங்கே, நடுவில் கடல். அன்று அக்கா என்னைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னாள்.

“அவரை இஞ்சை குண்டுக்கை விட்டிட்டு நான் அங்கை இருந்து எப்பிடியடி சோறு தின்னுறது?”

அவள் அழுததைப் பார்த்ததும் எனக்குள் இருந்த தையல்காரி எழும்பிவிட்டாள்.

யுத்தம் கிட்ட வருவதற்கு முன் ஒரு துரைசானியின் பங்களாவுக்குத் தலையணை உறை தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். அங்கே திறந்திருந்த கதவால் ஒரு தொட்டிலைக் கண்டேன். அதன் இடுப்பிலிருந்து நிலம்வரை வெள்ளைப் பாவாடை, சுற்றிவரச் சுருக்கு வைத்து! அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனை. தொட்டில் ஏன் பாவாடை கட்டவேண்டும்? குளிருமா? கால் தெரிந்தால் வெட்கமா? துரைசானியைக் கேட்கலாமென்றால் என்னிடம் இருந்த இங்கிலீசு ‘குட் மோர்னிங்’ ஒன்றுதான். அதை வாசலிலேயே செலவழித்துவிட்டேன். பிறகு துரைசானி கப்பலேறிப் போய்விட்டா. கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

வீட்டில் ஒவ்வொருவரையும் கேட்டுப் பார்த்தேன். பேய் பிசாசு கீழால் நுழையாமல் இருக்கத்தான் என்றா அம்மா. வெள்ளைக்காரரின் நாய் கீழே படுத்திருப்பது வருகிற ஆட்களுக்குத் தெரியாமலிருக்க என்றார் அப்பா. காரணம் எதுவானாலும் சரி, ஒரு பாவாடை கட்டினால் எழுத்தும் மறையும், டின்னும் மறையும். முப்பத்தோராம் நாள் திரும்பி வந்து பார்க்கும் மாமி வாயடைத்துப்போய், ‘இப்பிடி ஒரு தொட்டில் இருக்கேக்கை ஏணை எதுக்கு?’ என்று சொல்லிவிட்டுத் தனியாகத் தோணியேறுவா. இதுதான் என் திட்டம்.

கடையில் கிடைத்தது, குண்டு போட வருகிறவனுக்குத் தெரியாமல் ஜன்னல் வெளிச்சத்தை மறைக்கும் கறுப்புத் துணி மட்டும்தான். “பச்சைப்பிள்ளைக்குக் கறுப்போ!” என்று அம்மா அகப்பையைத் தூக்கினா. ஆகவே அப்பாவின் இரண்டு பழைய வேட்டிகள் என் கத்தரிக்கோலுக்குப் பலியாயின. சுருக்கு வைத்துத் தைத்து, நாடாப் போட்டு, தொட்டிலில் கட்டிப் பார்த்தால், துணி மழையில் நனைந்த கோழிபோலத் தொங்குகிறது. துரைசானியின் பாவாடை விறைப்பாக நின்றது. இதற்குக் கஞ்சி போடவேண்டும். கூப்பன் அரிசியில் வடித்த கஞ்சியை நாங்களே பங்குபோட்டுக் குடித்துக்கொண்டிருந்தோம், பாவாடைக்கு எங்கே போவது?

அப்போதுதான் தையல் வகுப்பில் படித்த ஒரு வித்தை ஞாபகம் வந்தது. பின்னல் விரிப்பைச் சீனிப்பாகில் தோய்த்துக் காயவைத்தால் தகடுபோல நிற்கும். சீனியும் கூப்பனுக்குத்தான். ஆனால் அக்கா தன் பங்குச் சீனியைத் தந்தாள். பிள்ளை பெற்றவளுக்கென்று அம்மா கொடுத்த மல்லிக்கோப்பியை இனிப்பில்லாமல் குடித்துவிட்டு, சீனியை ஒரு பேணியில் சேர்த்துவைத்தாள்.

“இது சரிவருமோடி?”

“நான் இருக்கிறன் அக்கா. நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ.” (இந்த வசனத்தை நான் சொல்லும்போதெல்லாம் என் குடும்பத்தில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுகிறார்கள்.)

பாகில் தோய்த்துக் காய்ந்த பாவாடை, தொட்டில் இல்லாமலே தானாக எழும்பி நின்றது. அப்பா அதைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, உள்ளே ஆள் இருக்கிறதா என்று கேட்டார்.

முப்பத்தொன்று வந்தது. துடக்குக் கழித்து, பிள்ளைக்கு மொட்டை அடித்து, குளிப்பாட்டித் தொட்டிலில் கிடத்தினோம். வந்த பெண்கள் அத்தனை பேரும் பிள்ளையை விட்டுவிட்டுப் பாவாடையைப் பார்த்தார்கள். என் கால் நிலத்தில் படவில்லை.

“இது என்னத்துக்குப் பிள்ளை?” என்று மாமி கேட்டா.

“வெள்ளைக்காரர் இப்பிடித்தான் மாமி. காத்தோட்டத்துக்கு.”

“காத்தை மறிச்சுக் கட்டிப்போட்டுக் காத்தோட்டமோ?”

அப்படிச் சொன்னாலும் மாமி பாயைப் போட்டுத் தொட்டிலோடு சாய்ந்து இருந்துகொண்டா. சுருக்கை விரலால் தடவிப் பார்த்தா. “தையல் வடிவுதான்” என்றா. நான் அக்காவுக்குக் கண்ணைக் காட்டினேன். அக்கா முதன்முறையாகச் சிரித்தாள்.

அந்த நேரம் பிள்ளை வீரிட்டுக் கத்தியது.

பாலுக்கு அழுகிற அழுகை இல்லை அது. அக்கா ஓடிவந்து தூக்கினாள். “நாவூறு பட்டிட்டுது” என்றா பக்கத்து வீட்டுக்காரி. “இவ்வளவு வடிவாய்ச் சோடிச்சு வைச்சால் படாதோ?” எனக்கு ஒரே சந்தோசம். (பிள்ளை கத்துகிறது, சின்னம்மாவுக்குச் சந்தோசம்!) குசினிக்குள் ஓடி உப்பும் செத்தல் மிளகாயும் அள்ளிவந்து, பிள்ளையோடு சேர்த்து என் பாவாடையையும் மும்முறை சுற்றினேன்.

பிள்ளை இன்னும் கூடக் கத்தியது. அம்மா துணியை விலக்கிப் பார்த்தா. தொடையில் சிவப்பாகத் தடித்திருந்தது. ஒன்று இன்னும் கடித்தபடியே தொங்கிக்கொண்டிருந்தது.

“ஐயோ, எறும்பு!”

சிவப்பெறும்பு. சுவர் மூலையிலிருந்து நிலத்தில் ஒரு வரிசை, அங்கிருந்து என் சுருக்குகள் வழியே மேலே, தொட்டிலின் விளிம்பைத் தாண்டி மெத்தைக்கு. நாலு டின்னிலும் தண்ணீர் தளும்ப இருந்தது, ஒரு எறும்புகூட நனையவில்லை. நிலம்வரை பாவாடை கட்டி அவற்றுக்கு ஏணி வைத்துக் கொடுத்தவள் நான். வழிச்சாப்பாட்டுக்கு அதில் சீனியும் பூசியிருந்தேன்.

மாமி பதறி எழும்பினா. மாமியோடு பாவாடையும் எழும்பியது. கடற்காற்றுக்குச் சீனி இளகி, சாய்ந்திருந்த மாமியின் சீலையோடு ஒட்டிப்போயிருக்கிறது. நாடா அறுந்து, தொட்டில் தலைகீழாகப் புரண்டு, நாலு டின்னும் கவிழ்ந்து வீடெல்லாம் தண்ணீர். மாமி என் பாவாடையை இழுத்துக்கொண்டு நடுவீட்டில் சுழல, பெண்கள் பின்னால் ஓடி ஓடி எறும்பு தட்டினார்கள். ‘இந்தப் பக்கம் மேலே’ என்ற எழுத்து அன்றுதான் நேராக நின்றது.

எல்லாம் அடங்கியதும் மாமி தன் விரலை ஒருமுறை நக்கிப் பார்த்தா.

“சீனி! ஆற்றை சீனி இது?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அக்காதான் பேசினாள்.

“என்ரை பங்கு மாமி. நான் குடியாமல் சேர்த்தனான்.”

“பெத்த உடம்போடை வெறுங்கோப்பி குடிச்சனீரோ? ஏன் பிள்ளை?”

“தொட்டில் வடிவாய் இருந்தால் நீங்கள் எங்களை இஞ்சையே விட்டிட்டுப் போவியள் எண்டு... அவரை விட்டிட்டு வர எனக்கு ஏலாது மாமி.”

மாமி கதிரையில் இருந்துவிட்டா. எனக்கு அழுகை வந்தது. எறும்பு கடித்த பிள்ளைக்காகவும், வெறுங்கோப்பி குடித்த அக்காவுக்காகவும்தான்.

“அவன் என்ரை பிள்ளையும்தானே” என்றா மாமி கடைசியில். “அவனை இஞ்சை விட்டிட்டுப் போக எனக்கு மட்டும் மனம் வருமே? ஒருத்தரும் ஒரு இடமும் போகவேண்டாம். நான் இஞ்சை நிக்கிறன்.”

அம்மா பதறிப்போனா. “இஞ்சை திரும்பவும் குண்டு போட்டால்?”

மாமி என் பக்கம் கையை நீட்டினா. “யப்பான்காரன் ஒருநாள் வந்தவன், போயிட்டான். இவள் வீட்டுக்குள்ளையெல்லோ இருக்கிறாள். இவளுக்கு ஆர் காவல்?”

சொன்னபடியே யுத்தம் முடியும்வரை மாமி எங்கள் வீட்டில் நின்றா. தையல் மெஷின் பெட்டியைப் பூட்டி, திறப்பை அவ தன் சீலை முடிச்சில் வைத்திருந்தா. கிளிவெட்டியிலிருந்து புது வளை ஒன்று தோணியில் வந்து, ஏணை கட்டப்பட்டது. தொட்டிலைக் கோழிகள் எடுத்துக்கொண்டன, அவை பாவாடை கேட்கவில்லை.

பிள்ளைக்கு நல்ல பெயர் ஒன்று வைத்தோம். அது பதிவில் மட்டும் இருக்கிறது. அன்றிலிருந்து அவன் ‘சீனி’தான். இப்போது அவன் கனடாவில் இருக்கிறான், அவனுடைய மகளுக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது. போன மாதம் அவள் அனுப்பிய படத்தில், நம்பமாட்டீர்கள், ஒரு தொட்டில். அதற்குப் பாவாடை! உடனே போன் எடுத்தேன்.

“மகள், இதைக் கேக்க எனக்கு இவ்வளவு காலமாய் ஆளில்லை. தொட்டிலுக்கு ஏன் பாவாடை?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “தெரியாது அப்பம்மா. சும்மா வடிவுக்கு. கீழை அடைஞ்சு வைக்கிற டின், பெட்டியெல்லாம் வெளியிலை தெரியாதெல்லோ?”

டின்னை மறைக்கத்தானாம்! அப்படியென்றால் பதினெட்டு வயதில் நான் நினைத்தது சரி. அதைச் சொல்லிப் பெருமைப்பட வாயெடுப்பதற்குள் சீனி போனை வாங்கிவிட்டான். அவனுக்குச் சில வருடமாய்ச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு.

“சின்னம்மா, டொக்டர் கேட்டவர், குடும்பத்திலை ஆருக்கும் இந்த வருத்தம் இருந்ததோ எண்டு. இல்லை டொக்டர், எனக்கு இது தொட்டிலாலை ஏறினது எண்டு சொன்னனான்.”